பல்கலைக்கழகத்துக்கு வரும் புதுப்பிள்ளைகளை வரவேற்க மாணவர் கழக வேலை நம்மைத் தயார்ப்படுத்துகிறதா? சுங்கை சிப்புட் பிள்ளைகள், பெற்றோர் எழுதுங்கள்

மூன்றாமாண்டு எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். நான் நம்ம சுங்கை சிப்புட்தான், ஹீவுட் பக்கம் வீடு. தெற்கே ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த முறை புதுமுக மாணவர்கள் பதிவுக்கு வரும்போது அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஃபசிலிடேட்டர்களில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது அப்பாவிடம் சொன்னேன். செம்பனைக் காட்டு வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவர், "உனக்கு என்னம்மா தெரியும்னு உன்னைப் போட்டாங்க?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை, அன்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு வருடமாக இந்தியர் பண்பாட்டுக் கழகத்தில் துணைச் செயலாளர். கெர்த்தாஸ் கெர்ஜா, அதாவது நிகழ்ச்சிக்கான முன்மொழிவு, எழுதியிருக்கிறேன், அதைத் தூக்கிக்கொண்டு மாணவர் விவகாரப் பிரிவில் கையெழுத்துக்காக மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன், தீபாவளி இரவுக்கு விடிய விடிய முறுக்குப் பொட்டலம் கட்டியிருக்கிறேன். இதையெல்லாம் செய்ததால் பயந்துபோய் வந்து நிற்கிற ஒரு பிள்ளையை வரவேற்க எனக்குத் தெரிந்துவிட்டதா? ஃபசிலிடேட்டர் பயிற்சியில் கல்லூரிப் பாட்டும் கைதட்டும் முறையும் நேர அட்டவணையும் சொல்லித் தந்தார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் என் முதல் நாளில் எனக்கு உதவியது அதில் ஒன்றுமே இல்லை.

அன்றைக்குச் சாவியில் அறை எண் இருந்தது, எந்தக் கட்டடம் என்று இல்லை. நான் மூன்று மாடி ஏறிப் போய் வேறொருத்தர் கதவில் சாவியை விட்டுத் திருகிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து ஒரு சபாப் பெண் கதவைத் திறந்தாள். என் கையில் இருந்த சாவியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு என் தலையணை மூட்டையை வாங்கிக்கொண்டு கீழே இறங்கி, பக்கத்துக் கட்டடத்தில் என் அறை வரைக்கும் வந்து விட்டுப் போனாள். அவள் எந்தக் கழகத்திலும் பொறுப்பில் இருந்தவள் இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது.

நம்ம ஊரிலிருந்து போய்ப் படித்தவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள், பிள்ளைகளை அனுப்பியவர்கள் மனத்தில் இருப்பதை எழுதுங்கள். வாழ்த்து மட்டும் போட்டுவிட்டுப் போக வேண்டாம், உண்மையாகவே எனக்குத் தெரிய வேண்டும்.

செம்பனைக்காடு எழுதியது:

தங்கச்சி, நீயே பதிலைச் சொல்லிவிட்டாய். அந்தச் சபாப் பெண் பொறுப்பில் இல்லை. கூட வந்து உதவுகிற குணம் உள்ளவர்களுக்கு எந்தக் கழகமும் தேவையில்லை, அது இல்லாதவர்கள் பத்துக் கழகத்தில் இருந்தாலும் மேடையில் மாலை வாங்கிக்கொண்டுதான் நிற்பார்கள்.

நான் பொறியியல். முதல் வருடம் சராசரிப் புள்ளி 3.4 எடுத்தேன். அப்புறம் கழகத்தில் சேர்ந்து, கலை இரவு, விளையாட்டு விழா, கோயில் சிரமதானம் என்று ஓடி ஓடி, ஒரு செமஸ்டரில் 2.7-க்கு இறங்கினேன். முதல் வகுப்பில் தேறுகிறவர்களுக்கு விதிமுறைக்கு உட்பட்டு பி.டி.பி.டி.என் என்ற அரசாங்க உயர்கல்விக் கடனைக் கட்டுவதிலிருந்தே விலக்கு உண்டு. தோட்டத்துப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய காசு என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நான் அதை விட்டுவிட்டேன், இப்போது மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறேன். இதை முதல் நாளிலேயே யாராவது ஒரு சீனியர் என்னை உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அதுதான் வரவேற்பு. அதற்குப் பதிலாக எல்லாரும் "கழகத்தில் சேர், மெரிட் புள்ளி கிடைக்கும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் ஹாஸ்டல் கிடைக்காது" என்று பாரத்தை நீட்டினார்கள்.

லயத்து அண்ணன் எழுதியது:

தம்பி செம்பனை சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மெரிட் புள்ளியைக் காட்டிப் பிள்ளைகளை இழுப்பது பல இடங்களில் நடக்கிறது, இரண்டாம் வருடம் விடுதியில் இடம் வேண்டும் என்றால் நடவடிக்கைப் புள்ளியைப் பார்ப்பதும் உண்மை. மீதிப் பாதிக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மேடை ஏறியதே கிடையாது. நாற்காலி, ஒலிபெருக்கி, சாப்பாடு, வேன் இதெல்லாம்தான் மூன்று வருடமாக என் பொறுப்பு. மண்டபத்துக்கு அனுமதி எந்த முகப்பில், அந்த அம்மா எத்தனை மணிக்குச் சாப்பிடப் போவார், பணத்துக்கு ரசீது எப்படி ஒட்ட வேண்டும், பாதுகாவலர் அறையில் இரவு யார் இருப்பார், ஞாயிற்றுக்கிழமை கிளினிக் மூடியிருந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாமே ஓடி அலைந்து தெரிந்துகொண்டது. மாணவர் சங்கம் எதுவானாலும் பல்கலைக்கழகத்தின் அனுமதியோடுதான் எதையும் செய்ய முடியும், 1971-இல் வந்த பல்கலைக்கழகச் சட்டக் காலத்திலிருந்தே அப்படித்தான், ஆக ஒரு பொங்கல் வைக்கவும் நான்கு கதவு தட்டித்தான் ஆக வேண்டும். அப்போது எரிச்சலாக இருந்தது. ஆனால் அந்த நான்கு கதவும் எங்கே இருக்கிறது என்று என் காலுக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாம் வருடம் பதிவு நாள். வெயில் ஏறிவிட்டது. ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள், கெடாவில் ஏதோ தோட்டம். அவர் கையில் சிவப்பு வாளி, அதற்குள் குவளை, சோப்பு, துணி கிளிப்பு, மேலே மடித்து வைத்த கம்பளி, எல்லாவற்றையும் சேர்த்து ராஃபியா கயிற்றால் ஒரு கட்டு. வாளிக் கைப்பிடி ஒரு பக்கம் கழன்றிருந்ததால் அடியில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டு நின்றார். நல்ல சட்டை, இஸ்திரி மடிப்பு நெஞ்சில் நேர்கோடாகத் தெரிந்தது. மகள் வரிசையில் போய்விட்டாள். "பெற்றோர் அந்தப் பக்கம்" என்று மலாயில் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், அவர் அசையவில்லை. சரி, மொழி புரியவில்லையோ என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். நன்றாகவே புரிந்திருக்கிறது. மருத்துவப் பரிசோதனைப் பாரத்தில் எக்ஸ்ரே பக்கம் வீட்டிலேயே விடுபட்டுப் போயிருந்தது. மகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, வாளியைக் கீழே வைக்கக்கூட மனமில்லாமல் நிற்கிறார்.

அது எந்த முகப்பு என்று எனக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்திருந்தவரை இரண்டு வருடமாக வேன் அனுமதிக்காகத் தொந்தரவு செய்தவன் நான். "அப்பா, வாளியைக் குடுங்க, திருப்பி அனுப்ப மாட்டாங்க, ஒரு வாரத்துக்குள்ள கொண்டுவந்து குடுத்தா போதும், வாங்க கேட்டுருவோம்" என்று சொல்லி அழைத்துப் போனேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. அந்த அரை மணி நேரத்துக்கு என்னைத் தயார்ப்படுத்தியது கழகத்தில் நான் போட்ட நாற்காலிகள்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னிடம் நல்ல மனம் மட்டும் இருந்து, எந்த முகப்பு என்று தெரியாமல் இருந்தால் அவரோடு சேர்ந்து நானும் நின்றிருப்பேன்.

செம்பனைக்காடு எழுதியது:

அண்ணே, இது சரிதான். வாளிக் கதையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன், என் அப்பாவும் அப்படித்தான் நின்றார். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். உங்களைப் போல் நாற்காலி போட்டவர்களையா ஃபசிலிடேட்டராக எடுக்கிறார்கள்? சத்தமாகப் பாடத் தெரிந்தவர்களைத்தானே எடுக்கிறார்கள்? நேர்காணலில் என்னிடம் கேட்டது "ஒரு சோராக் (உற்சாகக் கூச்சல்) போட்டுக் காட்டு" என்று.

ஆறாம்படிவ ஆசிரியை எழுதியது:

பிள்ளைகளா, நான் இந்த வட்டாரத்தில் ஆறாம் படிவத்துக்குக் கற்பிக்கிறேன். ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம் முடித்துப் போகிற பிள்ளைகளுக்கு, அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்கும் யுபியு விண்ணப்பம் பூர்த்தி செய்வதிலிருந்து இரயில் ஏற்றிவிடுவது வரைக்கும் பல வருடங்களாகப் பார்க்கிறேன், ஆகையால் இதில் எனக்கும் பேச உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கல்வித் துறையில் முதுகலை படித்தபோது இதைப் பற்றி வாசித்திருக்கிறேன். மாணவர் ஈடுபாடு பற்றி அமெரிக்கக் கல்வியாளர் அலெக்சாண்டர் ஆஸ்டின் 1984-இல் எழுதியதை இன்றைக்கும் ஆசிரியர்கள் எடுத்துப் பேசுகிறார்கள். ஒரு மாணவன் தன் உடலையும் மனத்தையும் எவ்வளவு செலவிடுகிறான் என்பதைத்தான் அவர் ஈடுபாடு என்கிறார். அதில் அளவும் உண்டு, தரமும் உண்டு. ஐந்து கழகத்தில் பெயர் இருப்பது ஈடுபாட்டில் சேராது. லயத்து அண்ணன் மூன்று வருடம் ஒரே வேலையை முழுமனத்தோடு செய்தாரே, அது சேரும். செம்பனைத் தம்பி நீங்கள் ஓடியது அத்தனையும் அளவு, அதில் உங்கள் மனம் எதில் நின்றது என்று உங்களிடம் யாரும் கேட்கவில்லை. உங்கள் மதிப்பெண் இறங்கியதற்கு நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். படிப்பும் ஈடுபாட்டில்தான் சேரும் என்று அந்தக் கழகத்தில் மூத்தவர் ஒருவர் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொருவர் வின்சென்ட் டின்டோ, 1975-இல் எழுதியவர். பிள்ளைகள் ஏன் பாதியில் படிப்பை விட்டுப் போகிறார்கள் என்று பார்த்தவர். படிப்போடும் ஒட்டவில்லை, அங்கே உள்ள மனிதர்களோடும் ஒட்டவில்லை என்றால் அந்தப் பிள்ளை மெல்ல விலகும் என்கிறார். இதை வாசித்தபோது எனக்கு நம் பெரலிஹான் வகுப்புதான் ஞாபகம் வந்தது. தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது மலாய் போதவில்லை என்று ஒரு வருடம் தனி வகுப்பில் உட்கார்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அங்கே ஒட்டாமல் போனவர்கள் படிவம் மூன்றைக்கூடத் தாண்டவில்லை. தாண்டி வந்தவர்களைக் கேட்டால், மலாய் வாக்கியத்தைத் திருத்திக் கொடுத்த ஒரு தோழியோ, பஸ்ஸில் பக்கத்தில் இடம் பிடித்து வைத்த ஒரு அண்ணனோ இருந்திருப்பார்கள். நீங்கள் ஒருமுறை புதுப்பிள்ளையாக இருந்தவர்கள் இல்லை, இரண்டு முறை இருந்தவர்கள். அந்த ஞாபகத்தை எடுத்துக்கொண்டு போங்கள்.

அப்புறம் ஒரு நடைமுறை விஷயம். பள்ளியில் பிஆர்எஸ் இருக்கிறது, சக மாணவருக்கு வழிகாட்டும் குழு, ஆலோசக ஆசிரியர் நடத்துவது. பல்கலைக்கழகங்களிலும் அது போன்ற குழுக்கள் உண்டு. மூன்றாமாண்டுப் பிள்ளை, முடிந்தால் அவர்களோடு ஒரு மாலை உட்கார்ந்து கேள். எதிரே இருப்பவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது, குறுக்கே புத்தி சொல்லாமல் இருப்பது, கேட்டதை வெளியே பேசாமல் இருப்பது, நம் கைக்கு மீறிய விஷயம் என்றால் ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போவது, இவைதான் அங்கே அடிப்படைப் பாடம். ஒரு பிள்ளை இரவில் உடைந்து அழுதால், அதுவும் தன்னை மாய்த்துக்கொள்வது போல் பேசினால், நீ தனியாகச் சுமக்காதே. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555, திறன்பேசியில் இன்றைக்கே பதிந்து வை.

கோத்தா கினபாலு போகிறவன் எழுதியது:

நான் இந்த வருடம்தான் போகிறேன். சபாப் பல்கலைக்கழகம், யூஎம்எஸ். எங்கள் வீட்டில் யாரும் விமானம் ஏறியதில்லை. படித்துக்கொண்டே வந்தேன், எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது, எழுதிவிடுகிறேன்.

எனக்கு எந்தப் பாட்டும் கைதட்டலும் பயமில்லை. மூன்று விஷயம்தான் பயம். பதிவு நாளில் கட்ட வேண்டிய பணம் ஒன்று. சாப்பாடு இரண்டாவது, நாங்கள் வீட்டில் மாடு சாப்பிடுவதில்லை, அங்கே கேட்டால் ஏதாவது நினைப்பார்களா? மூன்றாவது சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு மலாய் எழுத வரும், பேசும்போது வாய் திக்கும். அங்கே நம்மவர்கள் குறைவு என்கிறார்கள். சீனியர் யாராவது வந்து பேசினால் நான் என்ன கேட்க வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை.

லயத்து அண்ணன் எழுதியது:

தம்பி, நல்லதாகப் போயிற்று நீ எழுதியது.

பணத்துக்கு: அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு பி.டி.பி.டி.என் 1,500 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் தருகிறது. பதிவுக்குப் போகும் முன்னாலேயே விண்ணப்பிக்க வேண்டும், அப்புறம் அதைக் கடனில் கழித்துக்கொள்வார்கள். உன் பெயரில் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கே திற. இதைத் தெரியாமல் வட்டிக்கு வாங்கிக்கொண்டு வந்த அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். முழுக்கடன் கைக்கு வரப் பல வாரம் ஆகும், அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு எடுத்து வைத்துக்கொள், புதுச் சட்டை புதுச் செருப்பு என்று செலவழித்துவிடாதே.

சாப்பாட்டுக்கு: கேட்கலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். "சாயா தாக் மாக்கான் டாகிங் லெம்பு", நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்று ஒரே வரி. அறைத்தோழனிடமும் முதல் நாளே சொல்லிவிடு, அவன் உனக்காகப் பார்த்து வாங்கி வருவான், நீயும் அவனுக்கு எது ஆகாது என்று கேட்டுக்கொள்.

இன்னொன்று, சபாவுக்குள் இறங்கியதும் நம் நாட்டுக்குள்ளேயே குடிநுழைவு முகப்பு இருக்கும். பயப்படாதே, தீபகற்பத்திலிருந்து போகிற எல்லாருக்கும் அப்படித்தான். அடையாளக் கார்டையும் பல்கலைக்கழகக் கடிதத்தையும் கைப்பையில் வை, பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாதே.

கூச்சிங்கில் படித்தவள் எழுதியது:

கோத்தா கினபாலு தம்பிக்காக எழுதுகிறேன், ஆனால் மூன்றாமாண்டுத் தங்கைக்கும் சேர்த்துத்தான். நான் கூச்சிங் பக்கம் கோத்தா சமரகானில், சரவாக் பல்கலைக்கழகமான யூனிமாஸில் படித்து முடித்தவள். 1992-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், எங்கள் ஆண்டில் என் துறையில் தமிழ்ப்பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

இங்கே எல்லாரும் நம்மவர்கள் நம்மவர்களை வரவேற்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. என்னை முதல் இரவே தமிழ் அக்காக்கள் வந்து அழைத்துக்கொண்டு போனார்கள், இட்லி கொடுத்தார்கள், அவ்வளவு அன்பு. அப்புறம் இரண்டு மாதம் நான் அவர்களை விட்டு நகரவே இல்லை. என் அறைத்தோழி சரவாக்கின் ஈபான் இனத்துப் பெண், அவள் பெயரைத் தவிர எனக்கு அவளைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஒருநாள் காய்ச்சலில் கிடந்தேன், அக்காக்கள் எல்லாரும் கலை நிகழ்ச்சி ஒத்திகைக்குப் போய்விட்டார்கள். அவள்தான் இரவு முழுக்க ஈரத்துணி வைத்தாள். காலையில் பார்த்தால் என் மேசையில் அம்மா வைத்தனுப்பிய திருநீற்று டப்பாவை நகர்த்தாமல், அதைச் சுற்றி மட்டும் துடைத்து, பக்கத்தில் கஞ்சிக் கிண்ணத்தை வைத்திருக்கிறாள். அது என்ன என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் எனக்கு வேண்டிய பொருள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு நான் மிகவும் வெட்கப்பட்டேன்.

அதன்பிறகு நான் இந்தியர் கழகத்தை விடவில்லை, கூடவே விடுதி மாணவர் குழுவிலும் சேர்ந்தேன். அங்கே மலாய், சீன, ஈபான், பிடாயூ பிள்ளைகளோடு தண்ணீர்க் குழாய் பழுது, சலவை இயந்திரம், இரவு சத்தம் என்று சண்டை போட்டும் சமாதானம் பேசியும் கற்றது அதிகம். திக்கித் திக்கித்தான் பேசினேன். ஆறு மாதத்தில் வாய் தானாக வந்தது. தம்பி, உனக்கும் வரும், எழுத வருகிற மொழி பேசவும் வரும்.

ஆகையால் என் கருத்து: முதல் இரவு நம் மொழியில் பேச ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். இரண்டாவது வாரம் அதே ஆள் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பக்கத்து அறைக் கதவைத் தட்ட வேண்டும். இதைச் செய்ய வேண்டுமென்றால் அந்தச் சீனியருக்குப் பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். நம் கழகத்தில் மட்டுமே இருந்தவளுக்கு அது தெரியாது.

செம்பனைக்காடு எழுதியது:

அக்கா சொன்ன இரண்டாவது வாரக் கணக்கு நன்றாக இருக்கிறது. எனக்கு யாரும் அப்படிச் செய்யவில்லை.

நான் ஏன் கழகம் என்றாலே இப்படிக் காய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என் முதல் வாரத்தில் நம்ம சீனியர்களே எங்களை இரவு ஒரு மணிக்குக் கூப்பிட்டு வரிசையில் நிற்க வைத்து, "மரியாதை கற்றுக்கொடுக்கிறோம்" என்று கத்தினார்கள். பெயர், ஊர், தோட்டம் சொல்லச் சொல்லி, "எஸ்டேட்டா" என்று சிரித்தார்கள். அவர்களும் தோட்டத்துப் பிள்ளைகள்தான். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல விரும்பவில்லை. விதிப்படி அது குற்றம், புகார் கொடுக்கலாம் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஏன் செய்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டதற்கு, "நாங்களும் பட்டோம்" என்றார்கள். பட்டதை ஞாபகம் வைத்திருக்கிறார்கள், எப்படி வலித்தது என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள். டீச்சர் பெரலிஹான் ஞாபகத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னீர்கள், அதனால்தான் சொல்கிறேன். மூன்றாமாண்டுத் தங்கச்சி, உன் கண் முன்னால் இப்படி நடந்தால் நடுவில் போய் நில்.

ஓர் அப்பா எழுதியது:

நான் எல்பில் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டிக் கொண்டிருந்தவன், இப்போது டவுனில் காவல் வேலை. பெரிய மகளைப் போன வருடம் தஞ்சோங் மாலிமில் உப்சி கல்விப் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய் விட்டேன். அங்கே இரண்டு வளாகம் இருக்கிறது, ஒன்று பட்டணத்துக்குள், 1922-இல் ஆசிரியர் கல்லூரியாகத் தொடங்கிய பழைய கட்டடங்கள் உள்ள இடம், இன்னொன்று புரோட்டோன் சிட்டிப் பக்கம். போகிறவர்கள் கடிதத்தில் எந்த வளாகம் என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பும்போது ஒரு பையன், சீனியர், என் போனில் அவன் நம்பரைப் போட்டுக் கொடுத்தான். "அப்பா, மகளுக்கு மூணு நாளைக்குப் போன் எடுக்க நேரம் இருக்காது, நீங்க பயந்துடாதீங்க, எனக்கு அடிங்க" என்றான். நான் அடிக்கவே இல்லை. ஆனால் அந்த நம்பர் இருந்ததால் மகளின் அம்மா இரவு தூங்கினாள். பெற்றவர்களையும் கொஞ்சம் வரவேற்றுவிட்டுப் போங்கள் பிள்ளைகளா. நாங்களும் அந்த இடத்துக்குப் புதுசுதான்.

மூன்றாமாண்டு எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன், சிலதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். வாளிக் கதை வந்தபோது அம்மா எழுந்து போய்விட்டார்.

அந்த அப்பா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு உட்கார்ந்து எங்கள் குழுப் பட்டியலை எடுத்தேன். எனக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். புலனத்தில் குழு தொடங்கி நேர அட்டவணையை அனுப்பத்தான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் பன்னிரண்டு பேருக்கும் தனித்தனியாக எழுதினேன்: எப்படி வருகிறீர்கள், கூட யார் வருகிறார்கள், எது சாப்பிட மாட்டீர்கள், எக்ஸ்ரே எடுத்தாயிற்றா, முன்பணம் விண்ணப்பித்தாயிற்றா. பெற்றோர் யாருக்காவது என் எண் வேண்டுமா என்றும் கேட்டேன். ஒன்பது பேர் பதில் போட்டார்கள். இரண்டு பேருக்கு முன்பணம் பற்றியே தெரியவில்லை. கிளந்தானிலிருந்து வருகிற ஒரு பெண், தன் அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, கூட்டத்தில் எங்கே உட்கார வைப்பது என்று கேட்டிருக்கிறாள். அவள் கேட்காவிட்டால் எனக்குத் தோன்றியே இருக்காது. மண்டபத்தில் பக்கவாட்டுக் கதவுப் பக்கம் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போடலாம், தீபாவளி இரவுக்குப் பெரியவர்களை அங்கேதான் உட்கார வைத்தோம், அங்கே படி கிடையாது.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பதிவு வாரத்தில் மக்ரிப் தொழுகை நேரத்தில் முஸ்லிம் பிள்ளைகள் சூராவ் என்ற தொழுகை இடத்துக்குப் போய்விடுவார்கள், மற்றவர்கள் மண்டபத்தில் சும்மா உட்கார்ந்திருப்போம். நான் முதல் வருடம் அந்த நேரத்தில்தான் வீட்டை நினைத்து அழுதிருக்கிறேன். இந்த முறை அந்த நேரத்தில் நான் என் பிள்ளைகளோடு உட்காரப் போகிறேன். தமிழ்ப்பிள்ளை, சீனப்பிள்ளை, சபாப்பிள்ளை எல்லாரையும் சேர்த்து உட்கார வைத்து, அவரவர் ஊரில் அந்த நேரம் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லச் சொல்லலாம் என்று இருக்கிறேன். எங்கள் வீட்டில் அப்பா கால் கழுவிக்கொண்டிருப்பார்.

செம்பனை அண்ணே, கடன் விலக்கு பற்றி நீங்கள் சொன்னதை நீங்கள் சொன்னது போலவே முதல் வாரத்திலேயே சொல்வேன். இரவு ஒரு மணிக்கு யாராவது பிள்ளைகளை எழுப்பினால் நடுவில் நிற்பேன், அதையும் கேட்டுக்கொண்டேன். கூச்சிங் அக்கா, இரண்டாவது வாரம் பக்கத்து அறைக் கதவைத் தட்டுகிறேன்.

இன்று காலை அப்பா வேலைக்குக் கிளம்பும்போது அந்தக் கிளந்தான் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தக் கதவுப் பக்கம் வெயில் அடிக்குமா?" என்றார். காலையில் அடிக்காது, மதியத்துக்கு மேல் அடிக்கும் என்றேன். "அப்ப ஒரு குடை கொண்டுபோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோத்தா கினபாலு போகிறவன் எழுதியது:

எஸ்எஸ்பிஎன் கணக்கு இன்றைக்குத் திறந்தாயிற்று அண்ணே. ஆசிரியை அம்மாவும் தனியாக எழுதியிருந்தார், நன்றி. யூஎம்எஸ்ஸில் நம்மவர் யாராவது படிக்கிறார்களா? விமானம் இரவு இறங்குகிறது, அங்கிருந்து விடுதிக்கு எப்படிப் போவது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.

கூச்சிங்கில் படித்தவள் எழுதியது:

என் பழைய அறைத்தோழியின் தங்கை அங்கே இரண்டாம் ஆண்டு. தமிழ் தெரியாது, மலாயில்தான் பேச வேண்டும், திக்கினால் பரவாயில்லை, அவள் பொறுமையானவள். உன் விமானம் இறங்கும் நேரத்தை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பு தம்பி.